குறுக்குச் சட்டம்

நாலு கால் இருக்கு,
நாலும் தனித்தனியா நிக்குது,
அதுதான் வருத்தம் என்றான் ரம்ஸீன்,
பஸ்ஸுக்குக் கீழே மல்லாந்தபடி,
பல்லிடையில் ஒரு வாஷரைக் கடித்துக்கொண்டு.

பழைய ரோஸா பஸ்.
இருபத்தாறு சீட்டையும் கழற்றி
மூதூர்க்காரர் ஒருவருக்கு விற்றோம்.
இப்போது உள்ளே ஒரு கட்டில், ஒரு காஸ் அடுப்பு,
சாரதியின் ஆசனத்தில் அரிசிப் பை.
நிலாவெளிக் காணி வழக்கு முடியுமட்டும் என்றுதான் ஏறினோம்.
விலாசம் கேட்கும் படிவங்களில்
பஸ்ஸின் இலக்கத்தை எழுதப் பழகிவிட்டேன்.

ஜாக்கு நாலும் கண்டெய்னர் லொறியில் இருந்தவை.
சீனன்குடாவில் பழைய இரும்பு விலைக்குக் கிடைத்தன.
தூக்கிப் பிடிக்கும், குறை சொல்ல முடியாது.
ஆனால் கச்சான் காற்று எழும்பினால்
பாத்திரங்கள் ஒன்றோடொன்று கதைக்கும்.
தேத்தண்ணி கிண்ணத்தின் ஒரு கரையை மட்டும் நனைக்கும்.
இரவில் தவநேசன் புரண்டால்
என் பக்கம் ஒரு நூல் தாழும்.

அதனால் எனக்குத் தெரியும்:
வட்டிக் கணக்குப் பார்க்கிறவனின் அசைவு ஒன்று,
சோறு செமிக்காதவனின் அசைவு வேறொன்று.
கேட்டதில்லை.
பஸ் சொல்லிவிடும்.

ஒவ்வொரு காலின் முழங்காலிலிருந்தும்
மற்றதன் இடுப்புக்கு ஒரு சட்டம்.
முன்னுக்குப் பெருக்கல் குறி, பின்னுக்கும் அப்படியே.
நான் அளந்தேன்.
நாலடி ஏழங்குலம்,
ஐந்தடிக்கு ஒரு நூல் குறைய,
பிஸ்கட் பெட்டி மட்டையில் பென்சிலால் எழுதி
வாசற்படியில் வைத்துவிட்டு
வயர் இழுக்கப் பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

திரும்பி வந்தால்
கோட்டைப் பக்கத்து மான் ஒன்று
மட்டையை மென்றுகொண்டு நிற்கிறது.
அவசரமில்லை அதற்கு.
கடைசியாக உள்ளே போனது அந்த ஒரு நூல்.

ரம்ஸீன் சிரித்த சிரிப்பில்
வாஷர் மணலில் விழுந்தது. அதையும் தேடினோம்.

பிறகு திரும்ப அளந்தோம்.
நாலடி ஏழு இல்லை. ஏழரை.
மான் தின்றது பிழையான கணக்கு.

கிரைண்டர் கத்தியது. குழாய் துண்டானது.
முனைகளை அவன் சம்மட்டியால் தட்டையாக்கினான்,
துளை போட்டது நான்.
இரும்புச் சுருள் சுடச்சுட என் செருப்புக்குள் விழுந்தது,
குதித்தேன், ட்ரில்லை விடவில்லை.
"இப்ப இறுக்க வேணாம், கையால மட்டும் பூட்டுங்க,
எல்லாம் ஏறின பிறகுதான் ஸ்பானர்.
ஒண்டை முந்தி இறுக்கினா
மற்றது ஓட்டைக்கு வராது."
ஸ்பிரிங் வாஷர், நட்டு, அடுத்தது.
தவநேசன் டோர்ச்சைப் பிடித்திருந்தான்,
எப்போதும் வேண்டிய இடத்துக்கு ஒரு சாண் தள்ளி.

வெல்டிங் தழும்புகளுக்குச் சிவப்பு ஒக்சைட் பூசும்போது
ரம்ஸீன் கொண்டை வைத்த ஆணிகளைத் தொட்டுக் காட்டினான்:
"வெளிக்கிடேக்க இதுகளை இழுத்தாச் சரி,
சட்டம் கழண்டிரும்."
"எங்க வெளிக்கிட?" என்றான் தவநேசன்.
பற்றரி செத்து ஏழு மாதம்.
ரம்ஸீன் கையைத் துடைத்தான்,
கிண்ணியாவுக்குக் கடைசி பஸ்ஸின் நேரம் கேட்டான்.

இரவு காற்று வந்தது.
தகரம் முழுவதையும் தடவிப் பார்த்தது.
பாத்திரங்கள் வாய் திறக்கவில்லை.
தண்ணீர்ப் போத்தலுக்குள் தண்ணீர் நேராக நின்றது,
பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.
எழும்பி ஒருமுறை கால் உதைத்தும் பார்த்தேன்,
என் குதிகால்தான் நொந்தது.

படுத்தேன்.
இருட்டு. அசைவில்லை.
பக்கத்தில் ஒரு மனிதன்
புரண்டானோ, புரளவில்லையோ,
வட்டியோ, வயிறோ,
ஒரு தகவலும் இல்லை.
ஒன்பது வருஷத்தில் முதல்தடவை
வாயைத் திறந்து கேட்க வேண்டியிருந்தது.

"நித்திரையோ?"

கொஞ்ச நேரம் காற்று மட்டும்.

"இல்லை," என்றான்.
"அந்த மட்டையில ஒட்டுப் பசை இருந்தது.
மானுக்கு வயிறு நோகுமோ எண்டு யோசிக்கிறன்."